நாள் பார்த்துப் போன மலை

எங்கள் ஊரில் மலை கிடையாது. கோட்டுச்சேரியிலிருந்து கிழக்கே நடந்தால் கடல். மற்ற மூன்று திசையிலும் வயல். கோயில் கோபுரத்தைவிட உயரமான ஒன்றைக் காண வேண்டுமென்றால் தலையை நிமிர்த்தி மேகத்தைத்தான் பார்க்க வேண்டும். அறுபத்தேழு வயது வரையில் மலை என்பதை நான் பதிகங்களில் மட்டுமே அறிந்திருந்தேன். அந்த மலைகளில் அருவி முத்தையும் அகிலையும் உருட்டி வரும்; குறமகளிர் தினை காப்பர்; சிகரத்தில் இறைவன் அம்மையோடு வீற்றிருப்பான். அங்கே குளிர் என்ற சொல் வந்தால்கூட அது சந்தனத்தின் குளிராகவே இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம், பிரான்சு நாட்டின் கிழக்கோரத்தில் உள்ள வோஜ் என்னும் மலைக்காட்டில் நான்கு நாட்கள் இருந்து வந்தேன். பார்த்தவற்றை எழுதித் தரும்படி எங்கள் வார வழிபாட்டுக் கூட்டத்து அன்பர்கள் கேட்டார்கள். அருவியும் ஏரியும் மலைக்கோயிலும் பார்த்தேன்; அவற்றை எழுதத்தான் போகிறேன். ஆனால் அவற்றைப் பார்க்க நான் போகவில்லை. என் தம்பி வைத்திலிங்கத்தின் எலும்பை எடுத்துவரப் போனேன்.

வைத்திலிங்கம் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாகச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்தில் படைவீரனுக்கு அதுவே பெயர். சைகோனில் இருந்தபோது அவனுக்கு நெஞ்சுநோய் கண்டது. மலைக்காற்று நுரையீரலுக்கு நல்லதென்று அங்கிருந்து கப்பலில் கொண்டுபோய், அந்தக் காட்டுக்குள் காசநோயாளிகளுக்கென இருந்த சானடோரியத்தில் சேர்த்தார்கள். ஒன்றரை ஆண்டில் அங்கேயே இறந்தான். செய்தி காகிதத்தில் வந்தது, உடல் வரவில்லை. தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கிடத்திக் காரியங்களை முடித்தோம். அவன் மனைவி தையல்நாயகிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. என் தாய்மாமன் மகள் அவள். இன்றும் என்னை அத்தான் என்றே அழைக்கிறாள். முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

இப்படியிருக்கையில் அந்த மலைக்கிராமத்து மேரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேரி என்பது ஊராட்சி அலுவலகம். காரைக்கால் பக்கத்தில் அப்படியொரு மேரியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகையால் கடிதத்தை எவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்லறை இடத்துக்கான முப்பது ஆண்டுக் கெடு முடிந்தது. கல்லறைத் திருநாளுக்கு முன்பு அந்த நிலம் ஒழுங்குசெய்யப்படும். குறித்த வெள்ளிக்கிழமைக்குள் உறவினர் நேரில் வந்தால் எலும்புகள் ஒப்படைக்கப்படும். வராவிட்டால் பொது எலும்பறையில் சேர்க்கப்படும். நான்கே வாக்கியங்கள்.

தையல்நாயகிக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவள் முறத்தில் இருந்த உளுந்தைப் புடைப்பதை நிறுத்தினாள்.

“ஒரு பிடி கொண்டாந்துடுங்க அத்தான். நம்ம கடல்ல கரைச்சுடலாம். அது போதும்.”

முப்பது ஆண்டில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கெடுவுக்குள் வருகிறேன் என்று அந்த அலுவலகத்துக்கு அன்றே பதில் எழுதினேன்.

என் மகன் குருநாதன் அந்த மலைகளுக்குக் கிழக்கே, காரில் இரண்டு மணி நேரத் தொலைவில், ஆலைகள் நிறைந்த ஒரு நகரத்தில் வேலை பார்க்கிறான். கெடு முடியும் வாரத்தின் திங்கட்கிழமை மாலை அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். புதன்கிழமைக்கு அவன் விடுப்புச் சொல்லி வைத்திருந்தான். நான் பெட்டியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தேன். செவ்வாய் ஆகாது. புதன் அஷ்டமி, வியாழன் நவமி. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். மலையோ நேர் மேற்கே இருந்தது.

“அப்பா, இந்தப் பஞ்சாங்கம் நம்ம ஊரு சூரியனுக்குக் கணிச்சது. இங்க நாலரை மணி நேரம் பின்னாடி. அஷ்டமி இங்க எப்ப வருதுன்னு யாருக்குத் தெரியும்?” என்றான் குருநாதன்.

“நாலரையைக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன்.”

“சூலத்துக்கு எவ்வளவு கழிச்சீங்க?”

அடுப்படியில் மருமகள் சிரிப்பை அடக்குவது கேட்டது.

“சாவுக் காரியம்ப்பா, வேடிக்கை பேசாத. முப்பது வருஷம் மண்ணுல கெடந்தவனை எடுக்கப்போறோம். சனிக்கிழமை பொறப்படுவோம். திங்கக்கிழமை சோமவாரம். அன்னிக்குக் காலையில அவன் எலும்பைத் தொடுறேன்.”

“வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்காங்கப்பா.”

“போட்டிருப்பாங்க. நானும் முப்பத்தஞ்சு வருஷம் போட்டிருக்கேன். நான் போட்ட ஒரு கெடுவும் அந்தத் தேதியில முடிஞ்சதில்ல.”

“போன் பண்ணியாவது ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?”

“வேணாம். கேட்டாத்தான் முடியாதும்பாங்க. நேரா போய் நின்னா செஞ்சு குடுப்பாங்க.”

தகப்பனிடம் எதிர்த்துப் பேசும் பழக்கத்தை அந்த நாடு அவனுக்கு இன்னும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

சனிக்கிழமை புறப்பட்டோம். முதலில் திராட்சைக் கொடிகள் கம்பு நட்டு வரிசையாக நிற்கும் சரிவுகள் வந்தன. அறுவடை முடிந்து இலை பழுத்திருந்தது. வெற்றிலைக் கொடிக்கால் மேட்டில் ஏறிவிட்டது போலத் தோன்றியது. அதற்கப்பால் சாலை வளைந்து வளைந்து மேலே போனது; கொஞ்ச நேரத்தில் காடு மூடிக்கொண்டது. காடு என்றால் பல மரம், பல கொடி, பல பறவை என்று நினைத்திருந்தேன். இங்கே ஊசி இலை மரம் ஒன்றே ஒன்றுதான், லட்சம் தடவை எழுதப்பட்ட ஒரே எழுத்தைப் போல. கீழே புல்கூட முளைக்கவில்லை. பறவைச் சத்தம் இல்லை. வைத்திலிங்கம் தன் கடைசிக் கடிதத்தில் இந்தக் காட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தான்: “இங்கே மரமெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது அண்ணா, பெயர் கேட்டு என்ன செய்ய.” நோயாளியின் சலிப்பு என்று அப்போது நினைத்தேன். அவன் கண்ணில் பட்டதை அப்படியே எழுதியிருக்கிறான்.

பாதி மலையில் காரின் சக்கரம் ஒன்று காற்றிழந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு மாற்றுச் சக்கரத்தை வெளியே எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டான் என் மகன்.

“சூலம் இல்லாத நாளாப் பாத்துத்தான வந்தோம்” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். வாயில் வைத்த சோறு ஈரக்களிமண் போல இருந்தது. குளிர் ருசியையும் உறைய வைத்துவிடும் என்று அன்று தெரிந்துகொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து மரத்தடிகள் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஓட்டுநர் இறங்கி, எங்களையும் சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டு சக்கரங்களையும் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். திருடன்தான் என்று நான் முடிவுகட்டிய வேளையில் ஒட்டுப்போட்ட சக்கரங்களோடு திரும்பி வந்தார். புளிச்சோற்றில் ஒரு கவளம் நீட்டினேன். வாங்கித் தின்றார். கண்ணில் நீர் வந்தது.

“இதை உண்ணும் ஊரில் மருந்துக்கடை இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கிராமத்து விடுதிக்காரி தடித்த உடலும் இரக்கமான முகமும் உடையவள். நான் இறைச்சி, மீன், முட்டை எதுவும் உண்பதில்லை என்று சொன்னதும் என் மகனைத் தனியே அழைத்து, “உங்கள் அப்பாவுக்கு என்ன நோய்?” என்று விசாரித்தாள். வேகவைத்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் கருநீலப் பழக்கூழும் வந்தன. காட்டில் தானாக விளையும் சிறு பழம் அது; நாவல் போல நாக்கை ஊதாவாக்கும், புளிப்பும் இனிப்புமாக இருக்கும். அந்த நான்கு நாளில் நான் விரும்பி உண்டது அது ஒன்றுதான். கூடவே அந்த மலைக்குப் பேர்போன பாலாடைக்கட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். கருக்களாச்சேரிக் கரையில் கருவாடு காயும் நாளில் கடற்காற்று வீசினால் எங்கள் வீடு வரை ஒரு வாடை வரும். மூடியைத் திறந்ததும் அதே வாடை. பசுவின் பாலை இந்த நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணியபடி தட்டை மெல்லத் தள்ளி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது. வந்தது வந்தாகிவிட்டது, சுற்றிப் பார்த்துவிடலாம் என்றான் குருநாதன். காலையில் நீராடித் திருநீறு பூசி, வழக்கமாக ஓதும் பதிகங்களை ஓதி முடித்துப் புறப்பட்டேன். நீராடும்போது பல் கிட்டியது. அதே ஐப்பசியில் எங்கள் ஊரில் வானம் பிளந்து கொட்டிக்கொண்டிருக்கும். மழைக்கும் ஒரு ஆவேசம் இருக்கும். இங்கே மழை பெய்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. காற்றில் நீர் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் அருவி. காட்டுக்குள் அரை மணி நேரம் இறங்கிப் போக வேண்டும். பாசி படர்ந்த பாறைகளுக்கு நடுவே மூன்று படியாக விழுகிறது. கருநிற நீர். நான் நினைத்துக்கொண்டு போன மணியும் முத்தும் அதில் வரவில்லை. அழுகிய ஊசி இலைகளும் ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறையும் வந்தன. ஆனாலும் அதன் ஓசை கேட்டவுடன் கைகள் தாமாகக் குவிந்தன. பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியர் பரிவோடு விலகி நின்றார்கள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்தது ஏரி. நான்கு பக்கமும் காடு இறங்கி வந்து நீரைத் தொடுகிறது. படித்துறை இல்லை, மண்டபம் இல்லை, குளிப்பவர் ஒருவர் இல்லை. பனிக்கட்டி ஆறு குடைந்து உண்டாக்கியது என்று எழுதி வைத்திருந்தார்கள். மனிதர் வெட்டாத, கோயில் பார்த்திராத அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பை நான் அதற்குமுன் கண்டதில்லை. அழகுதான். ஆனால் அழைக்காத அழகு.

ஏரிக்கு மேலே குன்றின் உச்சியில் ஒரு சிறு மாதா கோயில். உள்ளே சுவரெங்கும் மரத்தில் செதுக்கிய கால்களும் கைகளும் மாட்டப்பட்டிருந்தன. குணமானவர்கள் செலுத்திய காணிக்கை. வைத்தியநாதனாக இறைவன் இருக்கும் தலத்தில் நம்மவர்கள் தகட்டில் கண்ணும் காலும் வாங்கி உண்டியலில் இடுவதில்லையா, அதுவேதான். ஒரு மூலையில் ஒரு ஜோடி நுரையீரல் இருந்தது. தட்டையாக, இரண்டு இலை போல, மேலே வண்ணம் பூசி. சானடோரியத்திலிருந்து உயிரோடு இறங்கிப்போன யாரோ செலுத்தியது. அதன்முன் நெடுநேரம் நின்றேன். எங்களுக்குத் தெரிந்திருந்தால் வைத்திலிங்கத்துக்காக நாங்களும் ஒன்று வேண்டிக்கொண்டிருப்போம். எந்தச் சன்னதி என்று பார்த்திருக்க மாட்டோம்.

மாலையில் சானடோரியத்துக்கு ஏறினோம். மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று அடுக்குக் கட்டடம். ஒவ்வோர் அடுக்கிலும் தெற்கு நோக்கிய நீண்ட தாழ்வாரம். அந்தத் தாழ்வாரங்களில் சாய்வு நாற்காலி போட்டு, பனி பெய்யும்போதும் நோயாளிகளைக் கம்பளி சுற்றிக் கிடத்தி வைப்பார்களாம், குளிர்காற்றுதான் மருந்து. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு தென்னந்தோப்பில் ஓடியவன் என் தம்பி. கட்டடத்தின் பின்புறம், மரங்களுக்கு நடுவே, கம்பிவேலி போட்ட இடுகாடு. கதவில் பூட்டு. சாவி மேரியில் இருக்கும் என்று விடுதிக்காரி சொல்லியிருந்தாள். கம்பி வழியாகப் பார்த்தால் மூடுபனியில் முன்வரிசை மட்டும் தெரிந்தது.

“வைத்தி, நாளைக்கு வந்துடுறேன்” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் மகன் திரும்பிக்கொண்டான். மறுநாள் அவனுக்கு ஆலையில் வேலை இருந்தது. என்னை விடுதியில் விட்டுவிட்டு இருட்டுவதற்குள் மலை இறங்கினான். செவ்வாய்க்கிழமைப் பேருந்தில் நான் தனியாகத் திரும்புவது என்று ஏற்பாடு.

திங்கட்கிழமை. வெள்ளைத்துணி, எள், தர்ப்பை, செப்புச் செம்பு எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டு, கதவு திறக்கும் முன்பே மேரியின் வாசலில் நின்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் வந்து திறந்தார். அவர்தான் அங்கே செயலாளர். பெயரைச் சொன்னேன். அவர் கோப்பைத் தேடவில்லை. அது மேசைமேலேயே இருந்தது.

“நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் வருவதாக எழுதியிருந்தீர்கள்.”

“தாமதமாகிவிட்டது, அம்மையே.”

“நண்பகல் வரை காத்திருந்தோம். இந்தியாவிலிருந்து வருகிற ஒருவர், விமானம் தாமதமாகியிருக்கலாம் என்று மூன்று மணி வரை காத்திருந்தோம். உங்கள் தம்பியுடையதைக் கடைசியாகவே பொது எலும்பறையில் சேர்க்கச் சொன்னேன்.” அவர் கோப்பை மூடினார். “யாராவது தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தனிப்பெட்டியில் எடுத்து வைத்திருப்போம், ஐயா. அது பெரிய காரியமில்லை. இனிமேல் பிரிக்க முடியாது.”

என்ன காரணத்தால் தாமதம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அஷ்டமி, நவமி, சூலம் என்னும் சொற்களை எந்தப் பிரெஞ்சில் சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. நாளும் கோளும் அடியவரை ஒன்றும் செய்ய மாட்டா என்ற பொருளில் அமைந்த பாடல்களை நாற்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் ஓதி வருகிறவன் நான். அன்று காலையிலும் ஓதிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அம்மையார் குழிவெட்டியை வரவழைத்தார். எழுபதை நெருங்கிய மனிதர். வைக்கோல் திணித்த மரச்செருப்புப் போட்டிருந்தார். சாவியோடு முன்னே நடந்தார். மலையேறும் வழியில் அவர் பேசிய ஒரே பேச்சு, “உங்கள் ஊரில் மண் எப்படி?” என்பதுதான். வண்டல், மூன்றடியில் நீர் ஊறும் என்றேன். “இங்கே கல். கடப்பாரை போட வேண்டும்” என்றார். ஒரே தொழிலில் இருப்பவனிடம் பேசுவதுபோலப் பேசினார்.

வேலிக்குள் ஒன்பது இடங்களில் புதுமண் சமப்படுத்தப்பட்டிருந்தது. சானடோரியம் எல்லோருக்கும் நட்டிருந்த ஒரே மாதிரி மரச்சிலுவைகள் உளுத்துப்போனபடியால் எரித்துவிட்டார்களாம். வைத்திலிங்கம் கிடந்த இடத்தைக் காட்டினார். நான் அங்கே மண்டியிட்டு மண்ணைத் தொட்டேன். அவர் இருமி, தொப்பியைக் கழற்றினார்.

“இங்கே ஒன்றுமில்லை, முசியே. அங்கே இருக்கிறது.”

சுவரோரம் ஒரு கற்பலகை. அதன்கீழே தொட்டி போன்ற அறை. கடப்பாரையால் பலகையை ஒரு முழம் நகர்த்தினார். எட்டிப் பார்த்தேன். பழுப்பும் சாம்பலுமாக, சுள்ளிக்கட்டு அவிழ்ந்து சரிந்தது போலக் கிடந்தன. எது யாருடையது என்று பிறவி கொடுத்தவன்தான் சொல்ல வேண்டும்.

அவர் என் முகத்தைப் பார்த்தபடி தணிந்த குரலில் பேசினார்.

“உங்களுடையவரைக் கடைசியாகத்தான் போட்டேன். ஆகவே மேலே இருப்பது அவராக இருக்கலாம். சத்தியம் செய்ய மாட்டேன். கொட்டும்போது சரிந்துவிட்டது, பிறகு கழியால் நிரவினேன். ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள். நான் மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”

சொன்னபடியே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

வெள்ளைத்துணி என் கையில் விரித்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முன்கை எலும்பு. நீளமாக இருந்தது. வைத்திலிங்கம் நெட்டையன், ஆனால் நெட்டையர்கள் அந்த மலையிலும் உண்டு. எடுத்துப்போய்க் காரைக்கால் கடலில் கரைக்கிறேன். அது வேறொரு தாயின் மகன் என்றால்? மாதா கோயிலில் அவனுக்காக மெழுகுவர்த்தி ஏற்றியவள் இந்தக் கற்பலகைக்கு முன் வந்து நின்று, உள்ளே இல்லாதவனுக்காக அழுவாள். அப்படி எண்ணியபோது என் கை பின்வாங்கியது. நியாயமென்றே அப்போது தோன்றியது. துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பிறகு அந்தப் பலகைக்கு முன்னாலேயே தர்ப்பையை விரித்து, எள்ளும் நீரும் விட்டேன். முதலில் தம்பியின் பெயர், கோத்திரம். அதன்பின், எவருக்கு நீர்விட ஒருவரும் இல்லையோ அவர்களுக்கு என்று ஒரு முறை விடுவது நம் மரபில் உண்டு. ஆண்டுதோறும் அமாவாசையில் அந்த வரியைக் கடைசியில் வேகமாகச் சொல்லி முடிப்பேன். அன்று மெதுவாகச் சொன்னேன். செம்பு நீர் தீர்ந்தது. குழிவெட்டி ஒன்றும் கேளாமல் ஓடையில் போய் நிரப்பிக்கொண்டு வந்து தந்தார். திரும்பும்போது, “எங்கள் பாதிரியார் தண்ணீர் தெளிப்பார். நீங்கள் ஊற்றுகிறீர்கள்” என்றார்.

செவ்வாய்க்கிழமைப் பேருந்தில் உட்கார இடம் இருந்தது. கால் வைக்க இடம் இல்லை. நடைபாதை முழுதும் சாமந்திப் பூந்தொட்டிகள். மஞ்சளும் ஊதாவுமாகக் குடம் குடமாகப் பூத்திருந்தன. அந்த நாட்டில் சாமந்தி கல்லறைக்கு மட்டுமே உரிய பூ. விருந்துக்குப் போகும் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் அடிக்க வருவார்களாம். என் பக்கத்தில் இருந்த மூதாட்டி மூன்று தொட்டிகளை மடியில் அடுக்கியிருந்தாள். பின்னிருக்கையில் இருந்தவளிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது: “என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை ஒரு பூ வாங்கித் தந்ததில்லை. நான் மட்டும் வருஷா வருஷம் தூக்குகிறேன்.” இருவரும் சிரித்தார்கள். பேருந்து வளைவில் திரும்பியபோது ஒரு தொட்டி என் காலில் சாய்ந்தது. அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே மலை இறங்கினேன்.

காரைக்காலுக்குத் திரும்பியபோது கார்த்திகை பிறந்துவிட்டது. அரசலாறு கரைமட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் நுழைந்ததும் தையல்நாயகி காலுக்குத் தண்ணீர் வைத்தாள். அவள் பார்வை என் கையிலிருந்த பையில் இருந்தது. வழியெல்லாம் மூன்று விதமான பொய்களைத் தயாரித்திருந்தேன். அவளைக் கண்டதும் ஒன்றும் வரவில்லை. அஷ்டமி தொடங்கி, போன் வேண்டாம் என்றது, மூன்று மணி வரை அவர்கள் காத்திருந்தது, குழிவெட்டி முதுகைத் திருப்பி நின்றது வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டிருந்தாள்.

“அவரைச் சைகோனுக்குக் கப்பல் ஏத்துனதும் நீங்க பாத்துக் குடுத்த நாள்தான் அத்தான்.”

உண்மை. வளர்பிறைப் பஞ்சமி, குருவாரம், அமிர்த யோகம். நானே குறித்துக் கொடுத்தேன். நானே பாண்டிச்சேரி வரை போய் அனுப்பிவிட்டு வந்தேன்.

மழைச்சாரல் உள்ளே அடித்தது; அவள் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அந்தப் பெரியவரு எடுத்துக்கங்கன்னு சொன்னப்ப ஒரு பிடி எடுத்திருக்கலாமே.”

“வேற யாரோடதோன்னா என்ன பண்றது, தையலு?”

“யாரோடதா இருந்தா என்ன?” அவள் குரல் உயரவில்லை. “எனக்கு முன்னால வச்சுக்கிட்டு அழ ஒண்ணு வேணும். புல்லை வச்சு அழுதேன். காயிதத்தை வச்சு அழுதேன். யாரு பெத்த புள்ளையா இருந்தாலும் நான் அழுதுதான் கரைச்சிருப்பேன்.”

மறுநாள் விடிந்ததும் பின்கட்டுக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. எழுந்து வந்தேன். தையல்நாயகி மாற்றுப்புடவையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். கடலுக்குப் போய் முழுகிவிட்டு வருவதாகச் சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். மழை விட்டிருந்தது. கிழக்கே போகும் சாலையில் அவள் நடந்து மறையும் வரையில் வாசலில் நின்றேன். அன்று என்ன திதி என்று அவள் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.